தேனீக்கள் எங்களை வெளியே அனுப்பிய வாரம்

எங்கள் ஆபீஸ் வஞ்சியூரில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. ஏறிப் போக வெளிப்புறமாக ஒரே படிக்கட்டு. அதன் உச்சியில் ஒரு கிரில் கதவு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாங்கள் நால்வரும் சாயா குடிக்கக் கீழே இறங்கியிருந்த நேரத்தில் அந்தக் கதவின்மேல் ஒரு தேனீக் கூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது. குடித்துவிட்டுத் திரும்பியபோது கதவின் மேல்பாதி தெரியவில்லை. கம்பளியை நனைத்துத் தொங்கவிட்டதுபோல், பழுப்பும் கறுப்புமாக ஒரு பெரிய மூட்டை அங்கே தொங்கியது. அந்தக் கம்பளி மெல்ல அசைந்துகொண்டும் இருந்தது.

முதலில் பார்த்தவள் எங்கள் படம் வரையும் பெண். நாகர்கோவில்காரி. படியில் பாதி ஏறியவள் அப்படியே பின்னோக்கி இறங்கி, சத்தமே இல்லாமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். எதிர்ச்சாரியில் போய் நின்ற பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள்.

கட்டட உரிமையாளர் வந்து பார்த்தார். தென்னோலைப் பந்தம் கொளுத்திப் புகை போட்டால் கலைந்துவிடும் என்றார். கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. தேனீ பிடிக்கிற ஒருவருக்கு ஃபோன் போட்டார். அந்த மனிதர் ஸ்கூட்டரில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தார். இவை இங்கே கூடு கட்ட வரவில்லை, வேறு எங்கோ போகிற வழியில் களைத்து உட்கார்ந்திருக்கின்றன, சில நாளில் தானாகவே கிளம்பிவிடும், அதுவரை யாரும் படியேறாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அந்தச் "சில நாள்" நெஞ்சில் இடித்தது. எங்கள் கம்ப்யூட்டர்கள், வரைபடங்கள், மாதிரிகள் எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தன. கையில் இருந்தவை ஃபோனும் பர்சும்தான். அடுத்த திங்கட்கிழமை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நாங்கள் எங்கள் வேலையைக் காட்ட வேண்டும்.

நாங்கள் வழிகாட்டிப் பலகைகள் வடிவமைக்கிறவர்கள். லாபரட்டரி இந்தப் பக்கம், எக்ஸ்ரே அந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்ட பலகை எங்காவது கண்ணில் பட்டால், அதற்குப் பின்னால் எங்களைப் போல நாலு பேர் தலையைப் பிய்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள். இந்த ஆஸ்பத்திரி பல வருடங்களாகக் கட்டடத்தோடு கட்டடம் ஒட்டி வளர்ந்தது. உள்ளே போனால் மருத்துவர்களுக்கே வழி தப்பும். நாங்கள் இரண்டு தடவை திட்டம் கொடுத்திருந்தோம். இரண்டையும் அங்கிருந்த சூப்பிரண்டு டாக்டர் அம்மா பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரே பதிலைத்தான் சொன்னார்: அழகாக இருக்கிறது, ஆனால் இதை மாட்டினாலும் ஜனங்கள் செக்யூரிட்டியிடம்தான் வழி கேட்பார்கள்.

அதைக் கேட்ட பிறகு நான் ஆபீஸை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தேன். காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அன்றைக்குச் செய்யப் போவதைச் சொல்ல வேண்டும், மாலையில் செய்ததைச் சொல்ல வேண்டும். நடுவில் நான் ஒவ்வொருவர் மேஜைக்கும் போய் நின்று பார்ப்பேன். பொறுப்பான ஆள் என்று எனக்குப் பெயர். எனக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது.

ஆகவே தேனீக்களுக்கு நான் அடங்கிவிடவில்லை. சாயாக்கடை பெஞ்சிலேயே கூட்டத்தை நடத்தப் பார்த்தேன். ஃபோன் திரையில் ஆஸ்பத்திரியின் வரைபடத்தைத் திறந்தால் அது தீப்பெட்டி அளவில் தெரிந்தது. பெரிதாக்கினால் ஒரு கழிப்பறை மட்டும் தெரிந்தது. பின்னால் எண்ணெயில் பழம்பொரி வேகிற சத்தத்தில் யார் என்ன சொல்கிறார்கள் என்றே கேட்கவில்லை. எங்களில் மூத்த டிசைனர் ஒரு தாடிக்காரர், இந்த ஊர் மலையாளி, சென்னையில் சில வருடம் வேலை பார்த்ததால் என்னோடு தமிழில்தான் பேசுவார். அவர்தான் கடைசியில் வாயைத் திறந்தார்.

"சேச்சி, இன்னிக்கு இனி ஒண்ணும் நடக்காது கேட்டோ. எல்லாரும் வீட்டுக்குப் போகாம்."

போனோம்.

அன்று பகல் முழுக்க எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஃப்ரிட்ஜைக் காலி செய்து துடைத்தேன். ஸ்ரீவராகத்தில் எங்கள் வீடு, வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டிய அக்கிரகாரத்து வீடுகளில் ஒன்று. மத்தியானத்தில் அந்தத் தெரு எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பது வாரநாளில் வீட்டில் இருந்தே பழக்கமில்லாத எனக்கு மறந்தே போயிருந்தது. சாயங்காலம் பாங்கிலிருந்து வந்த என் கணவர் மின்னுகிற ஃப்ரிட்ஜைப் பார்த்துவிட்டு, யாராவது வரப்போகிறார்களா என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நாளைக்கு எல்லோரையும் இங்கேயே வரச் சொன்னால் என்ன?

மறுநாள் காலையிலும் தேனீக்கள் கதவில்தான் இருந்தன. ஜெராக்ஸ் கடைக்காரர் படம் எடுத்து அனுப்பியிருந்தார். மூட்டை இன்னும் கொஞ்சம் பெருத்தாற்போல எனக்குப் பட்டது.

வீட்டுக்கு வழி சொல்லும் வேலை அன்று காலை என் தலையில் விழுந்தது. ஊருக்கெல்லாம் வழிகாட்டிப் பலகை செய்கிறவள் என் வீட்டுக்கு மூன்று பேரை வரவழைக்கத் திணறினேன். எங்கள் பக்கத்துத் தெருக்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். தாடிக்காரர் வேறொரு தெருவில், வேறொரு வீட்டின் காலிங் பெல்லை அழுத்தி, அங்கே காப்பியே குடித்துவிட்டு வந்தார். கொல்லத்திலிருந்து தினமும் ரயிலில் வரும் பெண் ஒருத்தி எங்களுக்கு அளவெடுத்து மாதிரிகள் செய்பவள். அவள் ஃபோனில் வரைபடத்தைப் பார்த்தபடி நடந்து, கோயில் குளத்தின் எதிர்க்கரையில் போய் நின்றாள். குளத்துக்கு இந்தப் பக்கம் நின்று நான் கையை ஆட்ட வேண்டியிருந்தது. நாகர்கோவில்காரி பழவங்காடிப் பிள்ளையார் கோயில் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி, தேங்காய் உடைகிற சத்தம் கேட்குது, இனி எப்படி என்று ஃபோனில் கேட்டாள். நான் வலது, இடது என்று ஆரம்பித்தேன். அவள் குறுக்கிட்டு, வலது இடது வேண்டாம் அக்கா, என்ன தெரியும்னு சொல்லுங்க என்றாள். மஞ்சள் பெயிண்ட் அடித்த வளைவு, பூக்கட்டுகிற அம்மாள், அரசமரம், பிறகு வாசலில் நீல சைக்கிள் நிற்கிற வீடு என்று சொன்னேன். மற்ற இருவரும் வியர்த்து வந்து சேர்வதற்கு முன்பே அவள் வந்து கூடத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள்.

வந்தவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே. அடைக்கு ஊறவைத்திருந்தேன். கூட்டத்தை நான் வந்து தொடங்குகிறேன், அதுவரை சும்மா இருங்கள் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனேன். எங்கள் வீட்டில் அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான். கூடத்தில் பேசுவது முழுதும் உள்ளே கேட்கும்.

அடை வேகிற நேரத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. இந்த மூன்று பேரும் நான் இல்லாதபோது பேசுகிற விதம் வேறு. ஆபீஸில் என் முன்னால் அவர்கள் முடிந்த வேலையைச் சொல்வார்கள். இங்கே முடியாததைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாடிக்காரர், அம்புக்குறி போட்டுப் போட்டுத் தனக்கே அது அலுத்துவிட்டது என்றார். கொல்லத்துக்காரி, ஆஸ்பத்திரியில் அளவெடுக்கப் போன நாளில் தானே வழி தப்பி பிணவறை வாசலில் போய் நின்றதைச் சொன்னாள். இத்தனை மாதத்தில் என்னிடம் அதைச் சொன்னதே இல்லை. மூவரும் சிரித்தார்கள். பிறகு நாகர்கோவில்காரியின் குரல் கேட்டது.

"எங்க அப்பாவ இந்த ஊர் ஆஸ்பத்திரியிலதான் சேத்திருந்தோம். எங்கம்மைக்கு மலையாளமும் வாசிக்கத் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. நான் காலேஜ்ல இருந்து ஓடி வந்து, எங்க நிக்கியன்னு ஃபோன்ல கேட்டேன். அம்ம சொல்லிச்சு, ஒரு செவர்ல குழந்த படம் ஒட்டியிருக்கு, சிரிச்சிட்டிருக்கு, அதுக்குக் கீழ நிக்கேன்னு. வார்டு பேரு, நம்பரு ஒண்ணும் இல்ல. அந்தச் சிரிக்கிற குழந்தையக் கேட்டுக் கேட்டேதான் போய்ச் சேந்தேன்."

கையில் தோசைத் திருப்பியோடு நான் கூடத்துக்கு வந்துவிட்டேன். அவ்வளவு ஆர்வம். வந்ததும் மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தாடிக்காரர் தொண்டையைச் செருமினார். நாகர்கோவில்காரி, ஒண்ணுமில்ல அக்கா, சும்மா பேசிட்டிருந்தோம் என்றாள். பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

அடுத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அடை கருகும் வாசனை வந்தது. அதைச் சாக்கிட்டு உள்ளே போனேன். போனவள் திரும்பி வரவில்லை. அடை முடிந்த பிறகும் அவியலுக்கு நறுக்கினேன், தேங்காய் துருவினேன், துருவின தேங்காயையே இன்னொரு தடவை பார்த்தேன். கூடத்தில் மெதுவாகப் பேச்சு மறுபடி தொடங்கியது.

சற்று நேரத்தில் கொல்லத்துக்காரி வந்து கோலமாவு இருக்கிறதா என்று கேட்டாள். கொடுத்தேன். அடுத்து தாடிக்காரர் வந்து காய்கறிக் கூடையை அப்படியே தூக்கிக்கொண்டு போனார். எதற்கு என்று கேட்கத் துடித்த நாக்கை அடக்கினேன்.

சாப்பிடக் கூப்பிடப் போனபோதுதான் பார்த்தேன். எங்கள் கூடத்துச் சிவப்புத் தரை முழுக்கக் கோலமாவில் ஆஸ்பத்திரி விரிந்து கிடந்தது. கொல்லத்துக்காரிக்கு அளவெல்லாம் மனப்பாடம். பூஜை அலமாரிக்கு முன்னால் நுழைவாசல், ஊஞ்சலுக்கு அடியில் ஆபரேஷன் தியேட்டர். ஒவ்வொரு பிரிவின் மேலும் ஒரு காய் உட்கார்ந்திருந்தது. தாடிக்காரர் நோயாளி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நுழைவாசலில் நின்றார். நாகர்கோவில்காரி தூண் மறைவில் நின்று, காதில் கையை வைத்துக்கொண்டு, சொந்தக்காரியாக வழி சொன்னாள். முருங்கைக்காயைத் தாண்டி வாங்க, மாங்காய்கிட்ட திரும்புங்க, நான் மத்தங்காய்ப் பக்கம் நிக்கேன் என்றாள். தாடிக்காரர் கோடு தாண்டாமல் நடந்து பரங்கிக்காய் வரைக்கும் சரியாகப் போனார். என்னையும் நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். எங்கள் பழைய திட்டத்தில் ஏழெட்டு அம்புக்குறி போட்டு விளக்கிய வழி அது.

விஷயம் எளிது. நாங்கள் அதுவரை பலகையைப் படிக்கிறவர்களை நினைத்து வேலை செய்தோம். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களோ படிப்பதில்லை, ஃபோனில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்வதற்கு நாங்கள் ஏதாவது கொடுக்க வேண்டும். சுவரளவுக்கு ஒரு படம்; பெயரைக் கேட்டால் கண்ணுக்குள் வருகிற ஒன்று.

சாப்பிடும்போது ஒரு சிக்கல் முளைத்தது. நான் பரங்கிக்காய் என்றேன். நாகர்கோவில்காரி மத்தங்காய் என்றாள். மற்றவர்களுக்கு அது மத்தங்ங. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வருகிறவர் பூசணி என்பார். ஒரே காய்க்கு இத்தனை பெயர் இருந்தால் ஃபோனில் எப்படி ஒத்துப்போகும்? பலாவும் அப்படித்தான், இங்கே அது சக்க. கத்தரிக்காய் இங்கே வழுதனங்ங. அடையை மென்றபடியே இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி ஒலிக்கிற சொற்களைத் தேட ஆரம்பித்தார்கள். மாங்காய் நின்றது. மீன் நின்றது. மயில், குடை, தோணி, ஆமை என்று ஒவ்வொன்றாக வந்தன. நானும் ஒன்று சொன்னேன்: தாமரை. தாடிக்காரர் யோசித்துவிட்டு, அது கட்சிச் சின்னம், வேண்டாம் சேச்சி என்றார். என் பங்கு அன்றைக்கு அத்துடன் முடிந்தது.

சாயங்காலம் என் கணவர் வந்து வாசல்படியிலேயே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "கால் வைக்கலாமா? இது எந்த வார்டு?" என்று கேட்டார். குழந்தைகள் வார்டு என்றாள் கொல்லத்துக்காரி. அவர் கோட்டைத் தாண்டித் தாண்டி உள்ளே போனார்.

அதற்கு மறுநாள் அவர்கள் ஆஸ்பத்திரிக்கே போய் வரவேற்புக் கூடத்தில் உட்கார்ந்து, ஜனங்கள் ஃபோனில் எப்படி வழி சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும் என்றார்கள். வழக்கமாக நான் முன்னால் நடப்பேன். அன்று, நீங்கள் போய் வாருங்கள் என்றேன். அவர்கள் போன பிறகு ஃபோனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பிறகு தூங்கிப்போனேன். வேலைநாளில், நடுப்பகலில், நெடுநேரம் தூங்கினேன். எழுந்தபோது தலைக்குள் யாரோ ஜன்னலைத் திறந்து விட்டதுபோல் இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்களிடம் முழுக் கட்டடத்தையும் கேட்காமல் முதலில் ஒரே ஒரு பகுதியை மட்டும் கேட்கலாம் என்ற யோசனை அந்தத் தூக்கத்திலிருந்துதான் வந்தது. எங்கள் பழைய திட்டங்கள் தோற்றதில் அதுவும் ஒரு காரணம். முழுதையும் ஒரே மூச்சில் மாற்றச் சொன்னால் யாருக்குத்தான் பயம் வராது?

மூவரும் திரும்பி வந்து ஒருவர் பேச்சை ஒருவர் முந்திக்கொண்டு சொன்னார்கள். கான்டீன் வாசலில் நில், பெரிய ஃபேன் இருக்கிற இடம், சிவப்பு நாற்காலி போட்ட பக்கம் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்களாம். பலகையில் இருந்த பெயரை யாரும் உச்சரிக்கவே இல்லையாம்.

வெள்ளிக்கிழமை காலை ஜெராக்ஸ் கடைக்காரர் கூப்பிட்டார். வெயில் ஏறியதும் கூட்டம் ஒரு சுழல்போல எழும்பி, நீதிமன்றப் பக்கமாகப் போய்விட்டது என்றார். படியேறிப் பார்த்தோம். கதவில் மெழுகு ஒட்டியதுபோல் சில புள்ளிகள். உள்ளே ஏசி மூன்று நாளாக ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தக் குளிரில் உட்கார்ந்து சனி, ஞாயிறும் சேர்த்து வேலை செய்தோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. காலைக் கூட்டம் நடத்த எனக்கும் நினைவு வரவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் காட்டும் நேரம் வந்தது. எப்போதும் நான்தான் பேசுவேன். லிஃப்டுக்குள் நாகர்கோவில்காரியிடம், நீதான் சொல்லப் போகிறாய் என்றேன்.

"அக்கா, எனக்கு இங்கிலீஷ் தெறிச்சுப் போவும்."

"உங்கம்மா கதையைச் சொல்லு. எந்தப் பாஷையில வரதோ அந்தப் பாஷையில."

அவள் மலையாளமும் தமிழுமாகச் சொன்னாள். சிரிக்கிற குழந்தை வந்ததும் சூப்பிரண்டு டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. அவசரப் பிரிவுக்கு நாங்கள் ஆமை போட்டிருந்தோம். ஒரு இளம் டாக்டர் கையைத் தூக்கினார். காஷுவாலிட்டிக்கு ஆமையா என்று கேட்டார். அறை முழுதும் சிரித்தது. எங்கள் நால்வருக்கும் ஏன் அது தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியாது. தாடிக்காரர் அங்கேயே, அது மயிலாகட்டும், ஆமை பிசியோதெரபிக்குப் போகட்டும் என்றார். அதற்கும் சிரித்தார்கள். வெளிநோயாளிகள் பகுதிக்கு மட்டும் முதலில் செய்து பாருங்கள் என்று டாக்டர் அம்மா சொன்னார். என் தூக்கத்துக்குக் கிடைத்த அனுமதி அது.

சுவர்களில் படம் ஏறிச் சில வாரம் கழித்து ஒரு நாள் அங்கே போயிருந்தேன். மார்த்தாண்டம் பக்கத்து ஆள் ஒருவர், தலையில் துண்டோடு, ஃபோனில் சத்தமாக, "நான் தோணிகிட்ட நிக்கேன், நீ மீனு வழியா வா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். செக்யூரிட்டி ஸ்டூலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. முழுக் கட்டடத்துக்கும் வேலை பிறகு எங்களுக்கே வந்தது.

அந்த உற்சாகத்தில் நான் ஒரு காரியம் செய்து பார்த்தேன். புதன்கிழமை மத்தியானம் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்க வேண்டும் என்று அறிவித்தேன். நால்வரும் வட்டமாக உட்கார்ந்தோம். தாடிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். கொல்லத்துக்காரி ரயில் நேரத்தைப் பார்த்தாள். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு புதன்களுக்குப் பிறகு நாகர்கோவில்காரி, சும்மா இருக்கது ரெம்பக் கஷ்டமா இருக்கு அக்கா என்றாள். விட்டுவிட்டோம். ஓய்வையும் நான் கூட்டம்போல நடத்தப் போயிருக்கிறேன்.

இப்போது என்னால் முடிந்தது, தானாக வருகிற இடைவெளியை அடைக்காமல் இருப்பது மட்டும்தான். கரன்ட் போனால் ஜெனரேட்டருக்கு ஆள் தேடி ஓடுவதில்லை. மழையில் தம்பானூர் ஸ்டேஷனில் தண்ணீர் நின்று ரயில்கள் தாமதமானால், கொல்லத்துக்காரியிடம் எங்கே இருக்கிறாய் என்று கேட்டுக் கேட்டுத் துளைப்பதில்லை. யாராவது ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்தால் அவர் மேஜைப் பக்கம் நான் போவதில்லை. இது எனக்கு எளிதாக வரவில்லை. அன்று அடுக்களையில் துருவின தேங்காயைத் திரும்பிப் பார்த்ததுபோல, அடிக்கடி எதையாவது கையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஒரு மியூசியத்தின் வேலை வந்தது. அதை நாகர்கோவில்காரிதான் நடத்துகிறாள். முதல் கூட்டத்துக்கு நான் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அவளிடம் கேட்டேன்.

"நாளைக்கு நீங்க வரண்டாம் அக்கா. நாங்க மூணு பேரும் பேசிட்டுச் சொல்லுதோம்."

சரி என்றேன். மறுநாள் பாங்கு விட்டதும் கணவரைக் கூட்டிக்கொண்டு சங்குமுகம் கடற்கரைக்குப் போனேன். கூட்டம் என்ன ஆனது என்று கேட்கலாமா என்று அவரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். மணலில் உட்கார்ந்தோம். விமானம் ஒன்று தலைக்கு மேலே தாழ்வாக இறங்கிப் போனது. அவர் வறுத்த கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். ஃபோன் பையில்தான் இருந்தது. இருட்டும்வரை அதை எடுக்கத் தோன்றவில்லை.